உங்கிட்டதானே சொன்னேன்

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று வாட்டர் பார்க் மேனேஜர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். கையில் குளோரின் பார்க்கும் டெஸ்ட் கிட், காதில் வாக்கி-டாக்கி. பதிலுக்காக என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “தெரியாது, சந்தேகம்தான், எதற்கும் பேதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். “ஒரு கெஸ்ட் சொன்னார்” என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அறை எண்ணைச் சொன்னேன்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ட்ரெய்னியாகப் போனவர்களுக்கு விஸ்கான்சின் டெல்ஸ் பற்றி விளக்க வேண்டியதில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் மூவாயிரம் பேர் அளவே வசிக்கும் ஊர். உலகத்தின் வாட்டர் பார்க் தலைநகரம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும். எண்பதுகளின் கடைசியில் அங்கே குளத்துக்குக் கூரை போட்டு மூட ஆரம்பித்ததிலிருந்து பனிக்காலமும் அவர்களுக்கு சீசன்தான். வெளியே மைனஸ் 15, உள்ளே தண்ணீர் 29 டிகிரி. சிகாகோ பக்கமிருந்து மூன்று மணி நேரக் கார் பயணம் என்பதால் நேப்பர்வில், ஷாம்பர்க், அரோரா தமிழ்க் குடும்பங்களுக்கு லாங் வீக்கெண்ட் என்றால் பாதிப் பேருக்கு டெல்ஸ்தான். எலெக்ட்ரிக் குக்கரும் புளியோதரையும் எங்கள் லாபியைத் தாண்டித்தான் மேலே போகும். பார்த்தும் பார்க்காததுபோல இருப்போம்.

பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நான் ஃப்ரன்ட் டெஸ்க். என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் பெயருக்குக் கீழே ‘சென்னை, இந்தியா’ என்று இருக்கும். ஊர் பெயரைப் போட்டால் கெஸ்ட் பேச்சுக் கொடுப்பார்கள் என்பது ஹோட்டல்காரர்களின் கணக்கு. கணக்கு சரிதான். வரிசையில் நின்ற அக்கா அதைப் படித்துவிட்டு, “தம்பி தமிழா? சென்னைல எங்க?” என்றார்.

“படிச்சதுதான் தரமணிங்க அக்கா. ஊரு மன்னார்குடி.”

“எங்களுக்குப் பெருந்துறைப் பக்கமுங்க.”

அக்கா, அவர் கணவர், அக்காவின் அம்மா (பிள்ளைகளுக்கு அம்மாயி), இரண்டு பெண் பிள்ளைகள், மூன்று வயசுப் பையன். ஆளுக்கொரு ரிஸ்ட்பேண்ட். பெரியவர்களுக்கு அதுதான் அறைச் சாவியும். பையனுக்கு நானே மாட்டிவிட்டேன். கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று இருந்தது. மிச்சமாகத் தொங்கிய நீளத்தைக் கத்தரித்துவிட்டேன். கணவர் கார் நிறுத்தப் போன சமயத்தில் அக்கா கவுன்ட்டர் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, பையனுக்கு நேத்துலருந்து வயிறு சரியில்ல. நாலஞ்சு தடவை போயிட்டான். பக்கத்துல மருந்துக்கடை இருக்குதா?”

பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரான பெடியாலைட் கிடைக்கும் கடைக்கு வழி சொன்னேன். “தண்ணியில மட்டும் இறக்கிடாதீங்க அக்கா, அதுக்கு ரூல் இருக்கு” என்றும் சொன்னேன். சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. “சேச்சே, அவன் எங்க இறங்கறான்? பொண்ணுங்க ரெண்டுந்தான் ஆடும். அவன் அம்மாயிகூட ரூம்ல இருப்பான்” என்றார்.

ஷிஃப்ட் முடிந்ததும் கிச்சனுக்குப் போய், மிச்சமிருந்த வெள்ளைச் சாதத்தில் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, சூப் கொடுக்கும் காகிதக் கப்பில் ஊற்றி அவர்கள் அறைக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அந்தக் கஞ்சி இல்லாமலிருந்தால் அடுத்த நாள் நடந்தது இவ்வளவு உறுத்தியிருக்குமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் குட்டிக் குளத்தில் விசில். பெரு நாட்டிலிருந்து வந்திருந்த லைஃப்கார்டு பெண் எல்லாக் குழந்தைகளையும் வெளியே ஏற்றிவிட்டாள். தண்ணீரில் மலம். யார் பிள்ளை என்று தெரியாது. அந்த நேரத்தில் அங்கே இருபது முப்பது வாண்டுகள், பாதிக்கு ஸ்விம் டயப்பர். அந்த டயப்பர் கட்டி மலத்தைத்தான் கொஞ்சம் பிடித்துவைக்கும். வயிற்றால் போவதைத் தடுக்காது, சில நிமிஷம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதிவைத்திருக்கும் வழிமுறை இரண்டே வகை. கெட்டியாக இருந்தால் அள்ளி எடுத்துவிட்டு, குளோரினை 2 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வைத்து, அரை மணி நேரத்தில் திறந்துவிடலாம். பேதி என்றால் கிரிப்டோஸ்போரிடியம், சுருக்கமாகக் கிரிப்டோ, என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஈ.கோலை போன்ற பாக்டீரியா குளோரின் பட்ட ஒரு நிமிஷத்துக்குள் செத்துவிடும். கிரிப்டோ சாதாரணக் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். அதைக் கொல்ல 20 பிபிஎம் ஏற்றி 12.75 மணி நேரம் பிடித்துவைக்க வேண்டும். அப்புறம் ஃபில்டரைக் கழுவி, குளோரினைப் பழைய அளவுக்கு இறக்கித்தான் ஆளை விடலாம். ஒன்று அரை மணி நேரம், இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க. நடுவில் எதுவும் கிடையாது.

அந்தப் பெண்ணோ நடுவில் ஒன்றைச் சொன்னாள். கெட்டி இல்லை, தண்ணீரும் இல்லை, கொழகொழவென்று இருந்தது என்றாள். அதற்குள் வலையில் அள்ளிப் போட்டும் ஆகிவிட்டது.

வலையோடு போன ஊழியருக்குப் பின்னால் துவட்டும் துண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு நான் அங்கே போனது தற்செயல். மேனேஜர் அரை மணி நேரமா, பன்னிரண்டே முக்கால் மணி நேரமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். குட்டிக் குளத்துக்கும் பக்கத்திலிருந்த விளையாட்டுக் கோபுரத்துக்கும் ஒரே ஃபில்டர். மூடினால் இரண்டும் போகும். அந்தக் கோபுரத்து உச்சியில் பெரிய வாளி. மணி அடிக்கும், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து கீழே நிற்பார்கள், மொத்தத் தண்ணீரும் தலையில் கொட்டும். ஹோட்டலின் விளம்பரப் படமே அதுதான். நான்தான் முந்திக்கொண்டு, “பேதியாகத்தான் இருக்கும்” என்றேன். அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவர் நம்பாமல் கேட்டாரா? இல்லை. மில்வாக்கியில் வளர்ந்தவர் அவர். 1993இல் அந்த ஊர்க் குடிதண்ணீரிலேயே கிரிப்டோ கலந்து சுமார் 4 லட்சம் பேர் படுத்துவிட்டார்கள். அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த தன் வீட்டில் ஒரே கழிப்பறைக்கு ஐந்து பேர் வரிசையில் நின்றதை ட்ரெய்னிங்கில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ‘எதற்கும் மூடிவிடலாம்’ என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு அது போதும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. ஃப்ரன்ட் டெஸ்க் ட்ரெய்னி ஒருவன் வாட்டர் பார்க் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்றிருந்தது. ஆதாரம் கொடுத்தால்தான் எடுபடும் என்று நினைத்தேன். கைவசம் இருந்த ஆதாரம் அந்த அக்கா.

சம்பவப் பதிவுத் தாளை அப்புறம் பார்த்தேன். தேதி, நேரம், எந்தக் குளம், கெட்டியா பேதியா, குளோரின் எவ்வளவு, பிஎச் எவ்வளவு, எப்போது திறந்தது. குழந்தையின் பெயருக்கோ அறை எண்ணுக்கோ அதில் கட்டமே இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்ய அது தேவைப்படவில்லை.

ஆனால் நான் சொன்ன எண் அந்தத் தாளோடு நிற்கவில்லை. டியூட்டி மேனேஜர் அந்த அறைக்கு போன் போட்டு, தங்கியிருக்கும்வரை குடும்பத்தில் யாரும் வாட்டர் பார்க் பக்கம் வர வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பெண் பிள்ளைகள் இரண்டின் ரிஸ்ட்பேண்டும் வேலை செய்யாமல் போனது. பதிலுக்கு ஒரு ராத்திரி வாடகை தள்ளுபடி. ஹோட்டல் பக்கம் பார்த்தால் தாராளமான ஏற்பாடு. அந்த சாயங்காலம் டெஸ்க்கில் நான் வாங்கிய திட்டுகளை வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான். “அந்த வாளிக்காகத்தான் நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தோம்” என்று ஒருவர், “யார் பிள்ளை என்று சொல்லு” என்று இன்னொருவர். அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாததைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி பத்து மணி வாக்கில் அக்கா தனியாக இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை.

“அவன் தண்ணிப்பக்கமே போவல தம்பி. மத்தியானமெல்லாம் அம்மாயி மடியில தூங்கிட்டிருந்தான்.”

நான் ஏதோ சொல்ல வந்தேன். விதிமுறை, மற்றப் பிள்ளைகளின் உடம்பு, இந்த மாதிரி. கேட்டுக்கொண்டார். அப்புறம், “உங்கிட்டதானே சொன்னேன். ஹோட்டல்காரங்ககிட்டயா சொன்னேன்?” என்றார்.

பதில் இருக்கிறது. அன்றைக்கு வாயில் வரவில்லை, இப்போது வருகிறது. அக்கா, நீங்கள் என்னிடம் தமிழில் பேசியதே ஹோட்டல் குத்திவிட்ட பேட்ஜைப் பார்த்துத்தான். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனிடம் சொல்வது ஹோட்டலிடம் சொல்வதுதான். குட்டிக் குளத்தில் வாய் திறந்து தண்ணீர் குடிக்காத பிள்ளை உண்டா? உங்கள் பையனை மாதிரியே இன்னும் முப்பது பையன்கள் இருந்தார்கள்.

இதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குளத்தை மூடச் சொன்னதற்கான நியாயம் இது; அறை எண்ணைச் சொன்னதற்கு இதில் நியாயம் எதுவும் இல்லை. நான் எப்போது யோசித்தாலும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்துவிட்டு இரண்டாவதை நைசாகத் தாண்டிவிடுகிறேன். செக்-இன்னில் அறை எண்ணை வாயால் சொல்லக் கூடாது, உறையில் எழுதி விரலால் காட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். வெள்ளிக்கிழமை அவருக்கு அப்படித்தான் காட்டினேன். அப்புறம் கஞ்சி கொடுத்ததுதான் இடிக்கிறது. அது ஹோட்டல் கொடுத்த கஞ்சி இல்லை, மெனுவிலும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டியவனிடம் அவர் ஹோட்டல்காரனைப் பார்க்கவில்லை என்றால் அதில் என்ன தப்பு?

அவர் சொன்னது உண்மையா என்றும் யோசித்திருக்கிறேன். அவனுடைய அக்காமார் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட வந்து வாளிக் கதை சொல்ல, மூன்று வயசுப் பையனை அறையில் அடக்கிவைக்க முடியுமா? அம்மாயி சும்மா கொஞ்ச நேரம் கால் நனைக்கக் கூட்டிப்போயிருக்கலாம், அக்காவுக்கே தெரியாமல். கதவுப் பூட்டில் எந்த ரிஸ்ட்பேண்ட் எத்தனை மணிக்குத் திறந்தது என்று பதிவு இருக்கும். செக்யூரிட்டியிடம் கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உள்ளே வந்த நேரம்தான் தெரியும், வெளியே போனது தெரியாது. அது எதையும் நிரூபிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், அந்தக் கதவு மத்தியானம் முழுக்கத் திறக்கவே இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

யாருக்காவது உடம்புக்கு வந்ததா என்பதும் தெரியாது. கிரிப்டோ தொற்றினால் வயிறு கெடவே இரண்டு நாளிலிருந்து பத்து நாள் ஆகலாம். அதற்குள் அவரவர் ஊருக்குப் போயிருப்பார்கள். சுகாதாரத் துறையிலிருந்து எங்களுக்கு போன் எதுவும் வரவில்லை. மூடியதால் வரவில்லையா, ஒன்றுமே இல்லாததால் வரவில்லையா? மேனேஜர் முதல் வகையில் சேர்த்து என்னைப் பாராட்டி ஒரு மெயில் போட்டார். அந்த மாதத்துச் சிறந்த ஊழியர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஊருக்கு போன் பேசும்போது அதை மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு நாள் முன்னதாகவே அவர்கள் செக்-அவுட் செய்தார்கள். அக்காவும் பிள்ளைகளும் காரில் உட்கார்ந்துவிட்டார்கள். கணவர் மட்டும் வந்தார். என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். பில்லைப் பார்த்துவிட்டு, கழித்திருந்த ஒரு ராத்திரி வாடகையைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். மேனேஜர் கொடுத்தது, உங்களுக்குச் சேர வேண்டியதுதான் என்றேன். வேண்டாம், முழுசாகப் போடு என்று கார்டை நீட்டினார். தள்ளுபடியை ரத்து செய்யக் காரணம் எழுதாமல் சிஸ்டம் விடாது. ‘கெஸ்ட் கேட்டுக்கொண்டபடி’ என்று அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு ரிஸ்ட்பேண்டையும் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஹோட்டலில் அவற்றைத் திருப்பித் தர வேண்டியதில்லை, யாரும் தருவதும் இல்லை.