அக்காவின் லப்டொப்: டிஸ்க் புதிது, வின்டோஸ் பழையது

அக்கா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறா, ஆசிரியை. 2019 இல் வாங்கிய அவவின் லப்டொப்பில் 500 ஜிபி ஹாட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுவது. வாங்கும்போதே அசல் வின்டோஸ் 10 ஹோம் இருந்தது, பிறகு இலவசமாக 11 க்கு மாறினா. அதன்பின் ஒவ்வொரு நாளும் சுவிட்சைப் போட்டுவிட்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவா. திரும்பி வந்தாலும் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க், போட்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்காவுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, பாமினி. பத்து வருட வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்று அடித்தது கூட ஏதோ ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். பிறின்ரர், விசைப்பலகை, வேர்டில் பண்ணி வைத்த அமைப்புகள் எல்லாம் அப்படியே வரவேணும். மற்றது லைசென்ஸ். ரவுனில் ஒரு கடையில் விசாரித்தபோது, "டிஸ்க் மாத்தினா லைசென்ஸ் போயிடும் தம்பி, நாங்கள் வேற வின்டோஸ் போட்டுத் தாறம்" என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய அசலைத் தூக்கி எறிந்துவிட்டு கிறாக் பண்ணின ஒன்றைப் போடுவதா? எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வங்கி வேலையும் பிள்ளைகளின் புள்ளி விவரமும் இருக்கிற கணினி அது.

லைசென்ஸ் டிஸ்க்கில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்க்க விரும்பினேன். லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினேன். இரண்டு ஸ்குரூ பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன, அவற்றை விட்டுவிட்டு இழுத்தால் மூடி வெடித்துவிடும். உள்ளே விசிறியின் இதழ்களில் செம்மண் தூசி மெத்தை போல ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்து மண் எந்த இடுக்கிலும் போய்விடும். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் எடுத்தேன். பிறகு பற்றரி இணைப்பை விலக்கி, ஹாட் டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இப்போது லப்டொப்பில் டிஸ்க்கே இல்லை. பற்றரியைத் திரும்பக் கொழுவி, குளோன்சில்லா ஏற்றிய பென் டிரைவால் பூட் பண்ணினேன். குளோன்சில்லா ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கிற (குளோன் செய்கிற) இலவச மென்பொருள், தாய்வானின் ஓர் ஆய்வு மையத்தில் உருவானது, லினக்ஸில் ஓடுவது. அதன் கட்டளைத் திரையில் மதர்போர்ட்டின் ஃபேர்ம்வெயரில், அதாவது போர்ட்டிலேயே பதிந்திருக்கிற மென்பொருளில், எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையைத் திறந்தேன். வின்டோஸ் லைசென்ஸின் இருபத்தைந்து எழுத்துச் சாவி ஐந்து ஐந்தாகப் பிரிந்து திரையில் நின்றது. டிஸ்க் மேசையில், சாவி மதர்போர்ட்டில்! வின்டோஸ் 8 காலத்திலிருந்து, 2012 க்குப் பிறகு, வின்டோஸ் ஏற்றி வருகிற பெரும்பாலான லப்டொப்களில் சாவியை இப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள். அத்துடன், ஒருமுறை செயற்படுத்திய பிறகு டிஜிட்டல் உரிமமும் மதர்போர்ட்டின் அடையாளத்தோடுதான் பிணைந்திருக்கும். மதர்போர்ட்டை மாற்றினால்தான் சிக்கல், டிஸ்க்கை மாற்றினால் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப கடையில ஏன் அப்படிச் சொன்னவை?" என்று கேட்டா.

சரி, வேலை. எஸ்எஸ்டி வாங்கியதில் ஒரு பிழை விட்டேன். விலை குறைவு என்று 480 ஜிபி எடுத்து வந்தேன். பழையது 500, அதில் நிரம்பியிருப்பது 140 தான், எப்படியும் கொள்ளும் என்று நினைத்தேன். பழைய டிஸ்க்கைத் திரும்ப லப்டொப்பில் பூட்டி, எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையில் போட்டுக் கொழுவி ஓடவிட்டதும், இலக்கு டிஸ்க் சிறியது என்று குளோன்சில்லா மறுத்துவிட்டது. அது பார்ப்பது நிரம்பிய அளவையல்ல, டிஸ்க்கின் முழு அளவை. 500 ஜிபி என்று விற்பவை பெரும்பாலும் 500,107,862,016 பைட். 480 என்று விற்பவை 480,103,981,056 பைட். இருபது ஜிபி இடைவெளி. டிஸ்க்கின் பாகங்களை (பார்ட்டிஷன்) சுருக்கி, வின்டோஸின் மீட்புப் பாகத்தை நகர்த்தி இதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஆசிரியை ஒருவரின் வேலைக் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் கடையில் மேலதிகக் காசு கொடுத்து 500 ஜிபியாக மாற்றிக்கொண்டேன். நீங்கள் வாங்கும்போது பழைய டிஸ்க்கின் அளவோ அதைவிடப் பெரியதோ எடுங்கள், பாதி வேலை குறைந்துவிடும்.

தொடங்க முன்பு அக்காவின் கோப்புகளை ஒரு வெளி டிஸ்க்கில் தனியாகப் பிரதி எடுத்தேன். டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கிற டிவைஸ் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன், இவவின் கணினியில் இல்லை. இருந்தால் குளோன் செய்யமுன் நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, அதை முழுவதாக நிறுத்தவேணும்.

மற்றது கரண்ட். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு நாடு முழுக்கக் கரண்ட் போனதும் அதற்குப் பிறகு நேரம் போட்டு வெட்டியதும் மறக்கவில்லை. அக்காவின் பற்றரி அரை மணித்தியாலம்தான் தாங்கும். யுபிஎஸ்ஸில் கொழுவித்தான் தொடங்கினேன்.

தொடங்கியதும் அடுத்த தடை. வின்டோஸ் பாகம் முறையாக மூடப்படவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நான் அழகாக ஷட் டவுன் பண்ணித்தான் வந்தேன். காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருக்கும்போது ஷட் டவுன் என்றாலும் வின்டோஸ் முழுவதாக அணையாது, உள்ளமைப்பை டிஸ்க்கில் உறங்க வைத்துவிட்டுப் போகும். திரும்ப வின்டோஸுக்குப் போய், அப்படி உறங்க வைக்கிற ஹைபர்நேஷனை முழுவதாக நிறுத்தி, மறுபடி ஷட் டவுன் பண்ணினேன். அதன்பின் மறுப்பு இல்லை.

பிறகு வந்ததுதான் எனக்கு வியர்த்த இடம். எது மூலம், எது இலக்கு என்று திரை கேட்கிறது. ஒரே அளவு வாங்கியதால் இரண்டுமே 500.1 ஜிபி என்று காட்டுகின்றன! மாறித் தெரிவு செய்தால் வெறும் டிஸ்க்கை அக்காவின் பத்து வருடத்தின் மேல் எழுதிவிடும். மாதிரி இலக்கத்தைத் திரையிலும், யூஎஸ்பி உறையிலிருந்து எடுத்த எஸ்எஸ்டியின் ஸ்ரிக்கரிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அது இரண்டு முறை உறுதிப்படுத்தக் கேட்டது. நான் மூன்றாம் முறையும் ஸ்ரிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

ஏறக்குறைய நாற்பது நிமிடம். நிரம்பிய பகுதியை மட்டும் பிரதி எடுப்பதால்தான் இவ்வளவு விரைவு. முடிந்ததும் முழுக்க அணைத்து, பழையதைக் கழற்றி எஸ்எஸ்டியை அதன் இடத்தில் வைத்தேன். உயரம் 7 மில்லிமீற்றர், அதே தட்டில் அதே நான்கு ஸ்குரூ. பழையதை யூஎஸ்பியில் கொழுவியபடி முதல் முறை பூட் பண்ணாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் வின்டோஸ் ஒன்றை முடக்கி வைத்துவிடும்.

சுவிட்சைப் போட்டேன். பதினெட்டாவது செக்கனில் கடவுச்சொல் கேட்டது. செற்றிங்ஸில் அக்டிவேஷன் பக்கம்: டிஜிட்டல் உரிமத்துடன் செயற்படுத்தப்பட்டுள்ளது. எதையும் நான் அடிக்கவில்லை, யாருக்கும் அழைக்கவும் இல்லை. ஹைபர்நேஷனை நிறுத்தியபடியே விட்டேன், டிஸ்க்கில் சில ஜிபி மிச்சம். ஒப்ரிமைஸ் பக்கத்தில் சொலிட் ஸ்ரேட் டிரைவ் என்று சரியாக அடையாளம் கண்டிருந்தது, கோப்புத் துண்டுகளை அடுக்குகிற டிஃப்ராக் பழையபடி ஓடாது.

அக்கா வேர்டைத் திறந்து கடந்த தவணை வினாத்தாளை எடுத்தா. பாமினி அப்படியே நின்றது. ஒரு வரி அடித்துப் பார்த்தா, பிறகு பிறின்ற் கொடுத்தா. தாள் வெளியே வந்த பிறகுதான் "சரி" என்றா.

பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை. பிளாஸ்ரிக் பையில் சுற்றி, மேலே திகதி எழுதி, அலுமாரியில் வைத்திருக்கிறோம். இந்தத் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் ஏற்றி முடியும்வரை அது அங்கேயே இருக்கும்.