சேவ் பட்டனை அழுத்த ஒரு சின்னப் பெட்டி: பிளக்-இன் ஹைபிரிட் காரில் நான்கு மாத வேலை

இன்ஜினும், வெளியிலிருந்து சார்ஜ் போடும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த என் பிளக்-இன் ஹைபிரிட் காரில் 'சேவ்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் கார் பேட்டரியில் கை வைக்காமல் இன்ஜினில் ஓடும். மிச்சமிருக்கும் சார்ஜை ஊருக்குள் மெதுவாகப் போகும்போது செலவழித்துக்கொள்ளலாம். ஆனால் காரை அணைத்து மறுபடி கிளப்பினால் அந்த அமைப்பு போய்விடும், ஒவ்வொரு முறையும் ஞாபகமாக அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் நெடுஞ்சாலையிலேயே சார்ஜ் கரைந்துவிடும். பிறகு நெரிசலில் ஊரும்போது இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். மோட்டார் எங்கே அருமையாக வேலை செய்யுமோ, அங்கே அதற்குச் சார்ஜ் இருக்காது. இது ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எனக்குப் பதில் அந்தப் பட்டனை அழுத்த ஒரு சின்னப் பெட்டி செய்ய முடிவு செய்தேன்.

இதற்கென வெளியில் கிடைக்கும் மாட்யூல்களில் சில, காரின் கேன் பஸ்ஸில், அதாவது காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கம்பியில், தாங்களே கட்டளை அனுப்பும். அந்த வழி வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன். பிரேக், ஸ்டீயரிங், மோட்டாருக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் எல்லாம் பேசிக்கொள்ளும் கம்பியில் நான் எழுதிய நிரல் வாய் திறக்கக் கூடாது. கேட்கட்டும், பேச வேண்டாம். கார் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஓட்டுநர் கேட்கும் வழியிலேயே, அதாவது பட்டன் மூலமாகவே, கேட்கட்டும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மின்சாரத்தில் மட்டும் ஓடச் சொல்லும் ஈவி பட்டன் இருந்தது, அமெரிக்காவில் விற்றவற்றில் இல்லை. அங்கே பலர் அந்தப் பட்டனைத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரை ஏமாற்றவில்லை, அது ஏற்கெனவே புரிந்துகொள்ளும் ஒரு சைகையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த வழி அது.

முதல் பதிப்பு ஒரு ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கம்ப்யூட்டரும், கேன் பேச்சைப் படிக்கும் எம்சிபி2515 பலகையும். காரைப் பரிசோதிக்க ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின் கேன்-ஹை, 14-ஆம் பின் கேன்-லோ. மாட்டுவதற்கு முன் காரை அணைத்து, எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, அந்த இரண்டு பின்களுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தேன். 60 ஓம். பஸ்ஸின் இரு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக இருக்கும், அதனால் 60 சரியான கணக்கு. என் பலகையைச் சேர்த்ததும் 40 காட்டியது. பலகையிலேயே இன்னொரு 120 ஓம் இருக்கிறது! ஜம்பரைக் கழற்றினேன், மறுபடி 60. இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

அப்படியும் முதல் நாள் ஒரு பயம் காத்திருந்தது. பலகையில் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸ், நிரலில் நான் குறிப்பிட்டிருந்தது 16. அதனால் விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் கேட்க வேண்டிய பலகை பாதி வேகத்தில் கேட்டது. எதுவும் புரியாமல், வந்த ஒவ்வொரு செய்தியையும் பிழை என்று கொடி தூக்கி நடுவிலேயே முறித்தது. டாஷ்போர்டில் நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. கார் நின்ற இடத்தில்தான் இருந்தது, உடனே பிடுங்கிவிட்டேன். அணைத்துப் போட்டதும் விளக்குகள் போய்விட்டன, பதிவாகியிருந்த பிழைக் குறிகளை ஸ்கேனரில் அழித்தேன். நான் செய்த தப்பு, வேகத்தைச் சரிபார்க்காமல் சாதாரண முறையில் இணைத்தது. கேட்க மட்டும் செய்யும் முறை அந்தச் சிப்பிலேயே இருக்கிறது. அதில் வைத்திருந்தால் பலகை எவ்வளவு குழம்பினாலும் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. அன்றிலிருந்து அந்த முறையை மாற்றவே இல்லை.

அப்புறம் சார்ஜ் அளவைத் தேடும் வேலை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லாக் கார்களிலும் இப்படி நடக்காது, சிலவற்றில் ஓபிடி சாக்கெட்டுக்கு முன் ஒரு கேட்வே நின்று உள்ளே நடக்கும் பேச்சை வெளியே விடாது. என் காரில் விட்டது. ஒவ்வொரு செய்தியிலும் அதிகபட்சம் 8 பைட், அப்படி அறுபதுக்கும் மேற்பட்ட செய்தி எண்கள். சார்ஜ் போட்டுவிட்டு, லேப்டாப்பில் மூன்று மணி நேரம் பதிவு செய்து, மெதுவாக ஏறிக்கொண்டே போகும் பைட் எது என்று பார்த்தேன். ஒன்று அழகாக ஏறியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன். சார்ஜ் முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அந்த பைட் மெல்ல இறங்க ஆரம்பித்தது. அது பேட்டரியின் வெப்பநிலை! உண்மையான சார்ஜ் பைட் வேறொரு செய்தியில் இருந்தது, அரை அரை சதவீதமாக ஏறி 171-இல் நின்றது. அதாவது 85.5 சதவீதம். டாஷ்போர்டில் அப்போது 'முழு சார்ஜ்'. அடுத்த நாள் மின்சார ஓட்டம் தீர்ந்து இன்ஜின் வந்த நேரத்தில் அதே பைட் 43, அதாவது 21.5 சதவீதம். பேட்டரியின் மேல் பகுதியையும் அடிப்பகுதியையும் கார் நமக்குக் காட்டுவதே இல்லை. மேலே விடுவது பேட்டரியின் ஆயுளுக்காக. கீழே வைத்திருப்பதில், சாதாரண ஹைபிரிட்டாக ஓடும்போது தேவைப்படும் இருப்பும் அடங்கும். எண்ணாகப் பார்த்தபோது அந்த வடிவமைப்பின் மேல் ஒரு மரியாதையே வந்தது.

பட்டன் பக்கம் சுலபமாக முடிந்தது. கன்சோலைக் கழற்றுமுன் 12 வோல்ட் பேட்டரியைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்தேன். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குடையது, ஆரஞ்சு கேபிள் உயர் மின்னழுத்தம், இரண்டின் பக்கமும் கை போகவில்லை. பிறகு பேட்டரியை இணைத்து அளந்தேன். பட்டன் கம்பியில் 5 வோல்ட், அழுத்தினால் பூஜ்யம். சில கார்களில் ஒரே கம்பியில் பல பட்டன்கள் வெவ்வேறு ரெசிஸ்டரோடு இருக்கும், அளக்காமல் வெட்டக் கூடாது. பட்டனுக்கு இணையாக, ஒளி மூலம் சுவிட்ச்போல வேலை செய்யும் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர், 300 மில்லி விநாடி அழுத்தம். பெட்டி செத்தாலும் பட்டன் எப்போதும்போல வேலை செய்யும்.

இரண்டாம் பதிப்புக்கு இஎஸ்பி32 என்ற சிப் வாங்கினேன். கேன் கட்டுப்பாடு அதற்குள்ளேயே இருப்பதால் அதைக் கம்பியோடு இணைக்கும் ஒரு டிரான்ஸீவர் பலகை மட்டும் போதும். அந்தப் பலகையிலும் ஒரு 120 ஓம், இந்த முறை ஜம்பர் இல்லை, சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்தேன்.

இங்கேதான் பெரிய சறுக்கல். ஒன்பது நாள் காரை எடுக்கவில்லை. பத்தாம் நாள் கதவுகூட ரிமோட்டில் திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் கார் பிணம்போல் கிடந்தது. பல ஹைபிரிட்களில் 12 வோல்ட் பேட்டரி இன்ஜினைச் சுழற்றுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அதுதான். ஓபிடியின் 16-ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் இருக்கும், என் பெட்டி அதிலிருந்து ராப்பகலாக 112 மில்லி ஆம்பியர் குடித்திருக்கிறது. ஒரு நாளைக்கு 2.7 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

தீர்வு இரண்டு. மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக வீணாக்கும் லீனியர் ரெகுலேட்டருக்குப் பதில், குறைவாக வீணாக்கும் பக் கன்வெர்ட்டர். அப்புறம் ஆழ்ந்த உறக்கம். 100 கிலோ ஓம், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வைத்துப் பிரித்து 12 வோல்ட் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பெட்டி இடையிடையே பார்க்கிறது. 13.2 வோல்ட்டுக்கு மேல் போனால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஓடுகிறது, கார் விழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் எழும். இப்போது உறக்கத்தில் 3 மில்லி ஆம்பியர். வழியில் 1 ஆம்பியர் ஃபியூஸும் போட்டிருக்கிறேன்.

விதிகளைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடித்தது. முதலில், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு நிமிடம் போனால் சேவ், குறைந்தால் விடு என்று எழுதினேன். இன்ஜின் சூடாகும் முன்பே அணைந்தது, மறுபடி கிளம்பியது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகாமல் அப்படிச் செய்தால் புகையில் நச்சு கூடும், இன்ஜினுக்கும் கெடுதல். இப்போது ஒருமுறை சேவ் போட்டால் குறைந்தது பத்து நிமிடம் அப்படியே இருக்கும். இன்னொன்று, அந்தப் பட்டன் ஒரு அழுத்தில் போடும், மறு அழுத்தில் எடுக்கும். நான் கையால் அழுத்திய பிறகு பெட்டியும் அழுத்தினால் எல்லாம் தலைகீழ். அதனால் இப்போதைய நிலையை பஸ்ஸிலிருந்து படித்து, வேண்டிய நிலையில் இல்லையென்றால் மட்டும் அழுத்துகிறது. மனிதர் கை வைத்துவிட்டால் அந்தப் பயணம் முழுக்கப் பெட்டி தலையிடாது. இந்த விதிதான் எனக்கு முக்கியம், கூட இருப்பவர்கள் ஓட்டும்போது கார் தானாக ஏதோ செய்கிறது என்று பயப்படக் கூடாது.

வழக்கமாகப் போகும் 96 கிலோமீட்டர் பயணத்தில், முன்பெல்லாம் கடைசி 20 கிலோமீட்டர் நெரிசலுக்கு வரும்போது சார்ஜ் சுத்தமாக இருக்காது. போன வாரம் அந்த பைட் 81, அதாவது 40.5 சதவீதம், காட்டும்போது நுழைந்தேன், வாசல்வரை இன்ஜின் சத்தமே இல்லை. மொத்த எரிபொருளில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல இன்னும் சில மாதப் பதிவு வேண்டும். அடுத்து, பெட்டியைக் கன்சோலுக்குள் ஆடாமல் நிறுத்த ஒரு பிடிமானம் வரைந்துகொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஒட்டும் நாடாதான், வெயிலில் அது இளகுகிறது.