ஏஐ-யிடம் முதல் வரி கேட்பது எப்படி: என் ப்ராஜெக்ட் அனுபவம்

ஆறு மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்பை முடித்தவள் நான். அதில் கடைசியாக ஒரு ப்ராஜெக்ட் உண்டு. நிஜமாக நடக்கிற ஒரு சிறு வியாபாரத்துக்கு இருபது இன்ஸ்டாகிராம் பதிவுகள் எழுத வேண்டும். ஏஐ பயன்படுத்தலாம். ஆனால் என்ன கேட்டோம், என்ன வந்தது, எதை மாற்றினோம் என்பதை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். பாதி மதிப்பெண் முதல் வரிக்கே. அடுத்து இந்த ப்ராஜெக்ட் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் என் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் மாமா வீட்டுக் கருப்பட்டி. தூத்துக்குடி மாவட்டம், உடன்குடிப் பக்கம். மாமா பனை ஏறுவார், அத்தை பதநீரைக் காய்ச்சுவார்.

முதல் நாள் நான் கொடுத்த ப்ராம்ப்ட், அதாவது ஏஐ-யிடம் எழுதிக் கேட்டது, இதுதான்: "கருப்பட்டி பற்றிக் கவனத்தை ஈர்க்கும் பத்துத் தொடக்க வரிகள் எழுது." பத்தும் உடனே வந்தன. "உங்களுக்குத் தெரியுமா?", "பாட்டி காலத்து ரகசியம் இதோ!", "இனிப்பு என்றாலே பயமா?" என்கிற மாதிரி. சார் அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, கருப்பட்டி என்ற இடத்தில் தேங்காய் எண்ணெய் என்று போட்டுப் படிக்கச் சொன்னார். ஏழு வரிகள் அப்படியே பொருந்தின. எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி யாருடைய விரலையும் நிறுத்தாது என்றார். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு வரியையும் இப்படிப் பெயர் மாற்றித்தான் பார்க்கிறேன். நீங்களும் இதில் தொடங்குங்கள், பாதி வரிகள் இங்கேயே கழிந்துவிடும்.

அப்புறம் கேட்கிற விதத்தையே மாற்றினேன். என் நோட்டில் இருக்கிற இரண்டாவது ப்ராம்ப்ட்: "நீ இன்னும் எதுவும் எழுத வேண்டாம். உடன்குடியில் பனையேறிக் குடும்பம் ஒன்று கருப்பட்டி காய்ச்சி விற்கிறது. வாங்குகிறவர்கள் சென்னையில் இருக்கிற, பனையைக் கிட்டத்தில் பார்க்காத முப்பது வயதுக்காரர்கள். அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை வெளியே கொண்டுவர, என்னிடம் ஒவ்வொன்றாகப் பத்துக் கேள்விகள் கேள்."

அது கேட்ட கேள்விகளில் நான்குக்குத்தான் எனக்கு விடை தெரிந்தது. வேலையில் எந்த ஒரு சின்னத் தவறு அந்த நாளையே கெடுத்துவிடும் என்பது மூன்றாவது கேள்வி. அத்தைக்குப் போன் போட்டேன். "கலயத்துல சுண்ணாம்பு தடவலன்னா பதநீர் கள்ளாப் போயிரும்லா. அப்புறம் அடுப்பு எதுக்கு?" என்றார். பதநீர் பிடிக்கப் பனையில் கட்டும் பானைதான் கலயம். சிறுவயதிலிருந்து அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், இதை ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பதிலை அத்தை சொன்ன மாதிரியே தட்டச்சு செய்து கொடுத்து, இதிலிருந்து ஐந்து வரிகள் கேட்டேன். ஒன்று கிட்டத்தில் வந்தது. அதைச் சுருக்கி நான் எழுதியது:

"கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால், அன்றைக்குக் கருப்பட்டி இல்லை."

இதில் எண்ணெயையோ சோப்பையோ போட முடியாது. ஏன் இது வேலை செய்கிறது என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள். ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1994-இல் ஆர்வத்தைப் பற்றி எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி கண்ணில் பட்டால்தான் ஆர்வம் பிறக்கும் என்பது அவர் கருத்து. ஒன்றுமே சொல்லாமல் 'ரகசியம்' என்றால் அந்த இடைவெளி தெரியாது. சுண்ணாம்பு என்று பாதியைச் சொல்லிவிட்டால் மீதியை மனசு கேட்கும். மீதியை இரண்டாம் வரியிலேயே கொடுத்துவிட வேண்டும், கடைசிவரை இழுக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காத்திருக்க வைத்து ஏமாற்றினால் அடுத்த பதிவைத் தொடமாட்டார்கள்.

நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஸ்டாகிராமில் ஏறக்குறைய 125 எழுத்துகளுக்குப் பிறகு மீதி மறைந்துவிடும் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது கணினிக் கணக்கு. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து, ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். மேலே சொன்ன என் வரி நம் கணக்கில் 34 எழுத்து. கணினிக் கணக்கில், இடைவெளியும் குறிகளும் சேர்த்து 64. ஆகவே தமிழில் நமக்குக் கிடைப்பது அறுபது எழுத்துச் சொச்சம் இடம்தான். "60 எழுத்துக்குள் எழுது" என்று ஏஐ-யிடம் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். அது எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, டோக்கன் என்கிற துண்டுகளாகப் பார்க்கிறது. கணக்கு தவறும். நீங்களே எண்ணுங்கள்.

அடுத்தது நான் மதிப்பெண் இழந்த இடம். ஏழாவது பதிவுக்கு "சர்க்கரை நோயாளிகள் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று ஒரு வரி வந்தது. கவர்ச்சியாக இருந்ததால் அப்படியே வைத்துவிட்டேன். கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். யாராவது அதை நம்பிச் சாப்பிட்டிருந்தால் என்று இப்போது நினைத்தாலும் மனசு பதைக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள், உணவு ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதைத் தடுக்கின்றன. அதன் பிறகு எல்லா ப்ராம்ப்டிலும் ஒரு வரி சேர்த்தேன்: "நான் கொடுத்த தகவலுக்கு வெளியே எதையும் சேர்க்காதே. உடல்நலம் பற்றி எதுவும் சொல்லாதே." அப்படியும் வரிக்கு வரி சரிபார்த்தேன்.

உண்மையாக இருந்தால் மட்டும் போதாது என்பதும் அங்கேதான் புரிந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமையான செய்திதான், ஆனால் முதல் வரியில் வைத்தால் அரசு அறிவிப்பு மாதிரி இருந்தது. மூன்றாம் வரிக்கு நகர்த்தினேன், நன்றாக உட்கார்ந்தது. "பிடித்தால் லைக் போடுங்க, நண்பரை டேக் பண்ணுங்க" என்று ஏஐ தானாகச் சேர்ப்பதை வெட்டிவிடுங்கள். இப்படிக் கெஞ்சி லைக் வாங்குகிற பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளுவோம் என்று, இன்ஸ்டாகிராமையும் வைத்திருக்கிற ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஃபேஸ்புக் தளத்துக்கு 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

மொழி விஷயத்தில், ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழுக்கு மாற்றச் சொல்லாதீர்கள். "இந்த இனிமையான பயணத்தில் எங்களுடன் இணையுங்கள்" என்றுதான் வரும். தமிழிலேயே கேளுங்கள். நமக்குப் பிடித்த மூன்று வரிகள், பிடிக்காத மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் என்று முதலில் கொடுத்துவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

கடைசியில், போடுவதற்கு முன் அந்தத் தொழில் தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியில் "வெல்லப்பாகு" என்று இருந்தது. வாசித்ததும் அத்தை, "பாகு இல்லம்மா, அது கூப்பனி" என்றார். பதநீர் கொதித்துக் கெட்டியாகி, கருப்பட்டியாக இறுகுவதற்கு முன் இருக்கிற நிலைக்கு அங்கே அதுதான் பெயர். மாற்றினேன்: "கூப்பனி பதம் தப்பினால், சிரட்டையில் ஊற்றினாலும் இறுகாது." கூப்பனி என்றால் என்ன என்று அந்தப் பதிவுக்குக் கீழே நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அத்தையே குரல் பதிவில் பதில் சொன்னார்.