கொல்லிமலையில் காளான் தேடிப் போன கதை

மலைமேல் உள்ள சோளக்காடு என்ற ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு 500 ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். "மழைங்க, ரோடு செரியில்லீங்க" என்றார். ரோடு நன்றாகத்தான் இருந்தது. நாமக்கல்லிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பஸ்ஸுக்கே அதில் சொச்சம்தான் ஆனது. என்ன, அதில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை, பாதிச் சட்டை நனைந்துவிட்டது.

வனத்துறைக் காட்டுக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் தெரிந்தவரின் மிளகுத் தோட்டத்துக்குப் போனோம். சில்வர் ஓக் நிழலில் சருகை விலக்கினால் போதும். ஒயின் நிறத்தில் பொடிக் குடை, குதிரைமுடி போலக் கறுத்த தண்டு, அடியில் எண்ணிவிடக்கூடிய அளவுக்குச் சில செவுள்கள் (மெல்லிய தகடுகள்): இது மராஸ்மியஸ் என்ற காளான். வெயிலில் சுருங்கிக் கிடக்கும், மழை பட்டால் மறுபடி விரியும். பட்ட கிளையில் விசிறி விசிறியாக ஸ்கைசோஃபில்லம் என்ற இன்னொரு காளான். மேலே வெள்ளை ரோமம். திருப்பி லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். இதை மட்டும் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

அப்புறம்தான் கறையான் மண்ணருகே அந்தக் கூட்டம்! நூற்றுக்கணக்கில், விரல்நுனி அளவில், நடுவில் கூர்த்த வெள்ளைக் குடைகள். மற்ற புற்றுக் காளான்கள் பூமிக்குள் கறையான் கூடு வரை வேர் விடும். இதற்கு அப்படி நீள வேர் கிடையாது. கறையான்கள் வெளியே கொண்டுவந்து போடும் கூட்டுத் துணுக்கிலிருந்தே முளைக்கிறது. டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்பஸ் என்ற புற்றுக் காளான்தான் என்று எனக்குத் தோன்றியது.

"பூச்சி கடிச்சிருக்குதுங்க, தைரியமா திங்கலாம்" என்றார் ஆட்டோக்காரர். இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. மனிதனைக் கொல்லும் காளானைக்கூட நத்தையும் புழுவும் ஒன்றும் ஆகாமல் தின்னும்.

செம்மேட்டில் ஒரு சின்ன மெஸ்ஸில் நாட்டுக்கோழிச் சாறு. மிளகு தொண்டையில் இறங்கியதும் பஸ், ஆட்டோ எல்லாம் மறந்தே போனது. இந்தப் பயணத்தில் கணக்குப் பார்க்காமல் கொடுத்த காசு அதுதான்.

வித்துத்தூள் என்ன நிறம் என்று பார்க்க, லாட்ஜில் பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளில் அந்தப் புற்றுக் காளானின் ஒரு குடையைக் கவிழ்த்து வைத்து, டம்ளரால் மூடினேன். காலையில் வெள்ளைப் பக்கத்தில் இளஞ்சிவப்புத் தூள். மைசீனா என்ற வேறு குட்டிக் காளானாக இருந்தால் வெள்ளையாக விழுந்திருக்கும், ஆக அது இல்லை. ஆனால் என்டோலோமா என்ற காளான் இனத்தின் தூளும் இளஞ்சிவப்புதான், அதில் விஷ வகைகள் உண்டு. அதனால் வாயில் வைக்கவில்லை.

டம்ளருக்கு லாட்ஜில் 50 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். திருப்பிக் கேட்டால், "காளான் வெச்ச டம்ளருங்க, இனி யாருக்குக் குடுக்கறது?" என்றார் லாட்ஜ்காரர். டம்ளர் இப்போது என் வீட்டில்.