இரவில் காணாமல் போகும் மேசை

பிப்ரவரி 18, புதன்

விடுதிக்கு இன்று போன் செய்து மூன்றே மூன்று கேள்வி கேட்டேன். நாங்கள் பதிவு செய்திருக்கும் கட்டிடத்தில் புதுப்பிக்கும் வேலை முடிந்துவிட்டதா? பக்கத்துக் கட்டிடத்தில் வேலை நடக்கிறதா? குளியலறையில் தொட்டி உண்டா, ஷவர் மட்டும்தானா? முதல் இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தது. பக்கத்தில் காலை 9 முதல் மாலை 5 வரை வேலை நடக்குமாம். மூன்றாவதற்கு அந்தப் பெண் சற்றுத் தேடிப் பார்த்துவிட்டு, புது அறைகளில் தொட்டியை எடுத்துவிட்டார்கள் என்றார்.

தீம் பார்க்கோடு சேர்ந்த விடுதி என்றால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் அறைகள் இருக்கிற இடத்தை மொத்தமாக மூடிவிட்டு யாரும் வேலை பார்ப்பதில்லை. ஒரு கட்டிடம் முடிந்து அடுத்தது என்றுதான் போகும். நாம் பார்த்த படம் முடிந்த அறையுடையது, கிடைக்கும் சாவி முடியாத அறையுடையது என்று ஆகிவிடலாம். 'புதுப்பித்தது' என்ற சொல்லே ஒரு பொருளில் நிற்பதில்லை. திரை, மெத்தை, பெயின்ட் மாற்றினாலும் அதே சொல். கான்கிரீட் தெரியும்வரை பெயர்த்தெடுத்துக் குளியலறையையே திருப்பிக் கட்டினாலும் அதே சொல்.

பிப்ரவரி 22, ஞாயிறு

படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் அகல லென்ஸில் எடுத்தவை, மூலையில் நின்று எடுத்தால் எந்த அறையும் கூடம் மாதிரி தெரியும். அதனால் கட்டிலை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். குயின் கட்டில் மெத்தை 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். அதாவது 5 அடிக்கு 6 அடி 8 அங்குலம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இன்னொரு அரைக் கட்டில் கொள்ளுமா என்று பார்த்தாலே நடக்க இடம் எவ்வளவு என்று புரிந்துவிடும்.

இப்படி யோசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் பாப் செஞ்சுரி விடுதி பற்றிப் படித்ததுதான். 2003 டிசம்பரில் திறந்த அந்த விடுதியில் 2,880 அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 260 சதுர அடி. முன்பு குயினைவிட அகலம் குறைந்த இரண்டு டபுள் கட்டில்கள் போட்டிருந்தார்கள். 2017, 2018ல் புதுப்பித்தபோது ஒரே ஒரு குயின் கட்டிலை நிலையாக வைத்து, இரண்டாவது குயின் கட்டிலைச் சுவருக்குள் மடக்கிவிட்டார்கள். பகலில் அது சுவர், அதன் முன்னால் ஒரு மேசை. இரவில் இழுத்தால் கட்டில். அறை ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை. படுக்கை பெரிதானது, பகலில் தரையும் கிடைத்தது.

அதே வளாகத்தின் கன்டெம்ப்ரரி விடுதி 1971ல் திறந்தது. அதன் அறைகளை வேறோர் இடத்தில் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து, கிரேனால் தூக்கி இரும்புச் சட்டத்துக்குள் செருகினார்கள். அப்படிச் செருகிய அறைக்குள் எத்தனை முறை அலங்காரம் மாறினாலும் பெட்டியின் அளவு அதுவேதான்.

நாங்கள் போகும் விடுதியிலும் மடக்குக் கட்டில்தான். அம்மாவின் முட்டிவலியை நினைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை.

மார்ச் 2, திங்கள்

வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் புது வாசனை. பசை, வார்னிஷ், புது நுரை மெத்தை எல்லாம் கலந்த வாசனை. என் கணவருக்குப் பிடித்திருந்தது, எனக்கு மூக்கு அரித்தது. புது ஒட்டுப்பலகையிலும் பசையிலும் இருந்து வெளியேறும் ஆவி அது. நாள்பட நாள்படக் குறையும். ஜன்னல் திறக்காத அறை என்பதால் ஏசியின் விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியில் போய் நின்றோம். திரும்பி வந்தபோது தாங்கக்கூடிய அளவுக்கு வந்திருந்தது.

பாப்பா ஓடிப் போய்க் கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். வெறும் வெள்ளை. சுவரில் நீலப் பட்டைகள், அவ்வளவுதான். "இதுலே யாரையுமே காணோம்மா" என்றாள். ஆறு வயதுக் குழந்தைக்கு அது பெரிய ஏமாற்றம். பழைய அறைகளின் படத்தில் விரிப்பு முழுவதும் கார்ட்டூன் கதாபாத்திரங்களாக இருந்தார்கள். இப்போது புதுப்பிக்கிற இடங்களில் பெரும்பாலும் பெரியவர்களின் கண்ணுக்கு ஏற்ற அமைதியான நிறங்கள் வந்துவிடுகின்றன. குழந்தையோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் கட்டிலை இறக்கினேன். மேசைமேல் இருந்ததை எல்லாம் எடுத்து, நாற்காலிகளை ஒதுக்கி, மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். முதல் சாணுக்குப் பலம் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் அழுத்த உருளைகள் பாரத்தை வாங்கிக்கொண்டன. சோறு வெந்து பானை மூடி தூக்குவதுபோல ஒரு மெல்லிய மூச்சுச் சத்தம். மேசைப்பலகை தட்டையாகவே இறங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கட்டில் முழுதும் இறங்கியபோது பின்சுவர் தெரிந்தது. அங்கே இருந்தார்கள் எல்லாரும்! ஒரு ஆள் உயரத்துக்கு வரைந்த படம். பாப்பா செருப்போடு மெத்தையில் ஏறிவிட்டாள். திட்ட மனம் வரவில்லை.

இந்த மாதிரிக் கட்டிலுக்கு ஆங்கிலத்தில் மர்ஃபி பெட் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த வில்லியம் மர்ஃபி என்பவர் காப்புரிமை வாங்கி விற்ற கட்டில் அது. சின்ன வீட்டில் இருந்தவர் கண்டுபிடித்தது, இன்றைக்கும் சின்ன அறைக்குத்தான் உதவுகிறது.

மார்ச் 3, செவ்வாய்

முதல் இரவு எப்படிப் போனது என்று எழுதிவிடுகிறேன்.

அம்மா மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். மெத்தை மெல்லியது, கட்டிலும் தாழ்வு. எழுந்திருக்க முட்டியில் கையூன்றி இரண்டு முறை முயன்றார். "எனக்கு இது சரிப்படாது கண்ணு, நீங்க ரெண்டு பேரும் இதுல படுங்க" என்றார். நிலையான கட்டில் இடுப்புக்குச் சற்றுக் கீழே, நல்ல உயரம். அடியில் பெட்டிகளைத் தள்ளி வைப்பதற்காகவே அப்படி உயர்த்தியிருக்கிறார்கள். எங்கள் மூன்று பெட்டியும் அடியில் போய்விட்டன, நடக்கிற வழியில் ஒன்றுமில்லை. வயதானவர்களுக்கு அந்த உயரம் இன்னொரு விதத்தில் வரமாக இருக்கிறது. அம்மாவும் பாப்பாவும் அதில் படுத்தார்கள்.

சிக்கல் மேசையில் வந்தது. கட்டில் இறங்கினால் மேசை இல்லை. அம்மா எட்டரைக்குப் படுத்துவிடுவார். பாப்பாவைத் தூங்க வைக்க விளக்கை அணைக்க வேண்டும், நாங்களும் கால் நீட்ட வேண்டும் என்று கட்டிலை இறக்கிவிட்டால் அம்மாவின் மாத்திரை டப்பா, கண்ணாடி, தண்ணீர், நாளைய டிக்கெட், என் போன் எதற்கும் இடமில்லை. டிவிக்குக் கீழே ஒரு நீளப் பலகை உண்டு, அதில் அரைப் பங்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நான்கு பேருக்கு ஒரே ஒரு பக்க மேசை, அதுவும் நிலையான கட்டிலின் பக்கம். கடைசியில் ஒரு நாற்காலியை மடக்குக் கட்டிலின் தலைமாட்டில் போட்டு அதை மேசையாக வைத்துக்கொண்டேன். இன்றிரவிலிருந்து வரிசையை மாற்றியாயிற்று: இரவுக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டு அந்த நாற்காலியில் மாட்டிவிட்டு, அப்புறம்தான் கட்டிலை இறக்குவது.

இரவு 2 மணிக்கு வியர்த்து விழித்தேன். ஏசி நின்றிருந்தது. அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்த தெர்மோஸ்டாட். எல்லாரும் அசையாமல் தூங்கினால் அறையில் ஆளில்லை என்று முடிவு செய்துவிடுகிறது போல. எழுந்து கையை அசைத்ததும் ஓடியது. இந்தக் கருவி வெளியில் போகும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், அது நல்லதுதான். தூங்குகிறவர்களை அது கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் ரிசப்ஷனில் சொன்னேன், ஆள் அனுப்பி அமைப்பை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒன்று மனதார மெச்ச வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஓரமாக ஒரு விளக்குப் பட்டை. காலைத் தரையில் வைத்ததும் மங்கலாக எரிகிறது. அம்மா இரவில் இரண்டு முறை எழுந்தார், யாரையும் எழுப்பவில்லை, எதிலும் இடறவில்லை.

மார்ச் 4, புதன்

குளியலறை. தொட்டி இல்லாததால் அம்மாவுக்கு நிம்மதி. தொட்டி விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கிற பயம் இல்லை. பாப்பாவுக்கு அழுகை. தலைக்கு மேலே இருந்து கொட்டும் நீர் அவளுக்குப் பிடிக்காது. கையில் எடுக்கிற ஷவர் இருந்ததால் சமாளித்தேன். கண்ணாடித் தடுப்பு பாதிதான், மீதி திறந்தவெளி. படத்தில் அழகாக இருந்த அதே இடைவெளி வழியாகத் தண்ணீர் வாஷ்பேசின் வரைக்கும் ஓடியது. துண்டை உருட்டி அணை கட்டினேன். சுவரில் கைப்பிடி கிடையாது. கைப்பிடி கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கென்று அமைத்த அறையைப் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும், வந்த பிறகு கிடைப்பது கஷ்டம்.

கதவு பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவு. திறக்கிற இடம் மிச்சமாகும் என்பதால் இப்போது பல இடங்களில் இதுதான். ஆனால் சுவருக்கும் கதவுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு சந்து. வெளிச்சமும் சத்தமும் அப்படியே வெளியே வருகின்றன. பெற்றவர், பிள்ளை, பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே அறையில் இருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. உள்ளே போகும்போது விசிறியைப் போட்டுவிடுகிறோம், ஓரளவு மறைக்கிறது.

ஷாம்பு, கண்டிஷனர், சோப்பு மூன்றும் சுவரில் பூட்டிய பெரிய பாட்டில்களில். சின்ன பிளாஸ்டிக் பாட்டில்கள் போனதில் எனக்கு மகிழ்ச்சி. கலிபோர்னியாவில் 50 அறைக்கு மேல் உள்ள விடுதிகள் 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சின்ன பாட்டில்களைக் கொடுக்கவே கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே நிறம், ஒரே வடிவம், பெயர் மட்டும் எறும்பு எழுத்தில். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குளிக்கிற அம்மா நேற்று கண்டிஷனரை உடம்பில் தேய்த்துக்கொண்டார். பாப்பாவின் சிவப்பு ரப்பர் பேண்டை ஷாம்பு பாட்டிலின் கழுத்தில் மாட்டினேன். இன்று தொட்டுப் பார்த்தே எடுத்தார்.

மார்ச் 5, வியாழன்

மதியம் பூங்காவிலிருந்து வந்து படுத்தால் பக்கத்துக் கட்டிடத்தில் டிரில் சத்தம். சரியாக 5 மணிக்கு நின்றது. சொன்ன சொல் காப்பாற்றினார்கள்.

கார்பெட்டுக்குப் பதில் மரம் மாதிரி வினைல் தரை. ஈரக்காலோடு வந்தாலும் துடைத்தால் போயிற்று. தூசி ஒவ்வாமை இருக்கும் எனக்குத் தும்மல் இல்லை. ஆனால் மாடியில் இருப்பவர் நாற்காலியை இழுத்தால் நம் தலையில் இழுக்கிற மாதிரி. கூடுமானால் மேல்மாடி அறை கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை, இன்சுலின் வைத்திருப்பவர்களுக்காக. புது அலமாரிக்குள் கதவு போட்டு மறைத்திருக்கிறார்கள். முதலில் நான் பயந்தது, சாவி அட்டையை எடுத்துக்கொண்டு போனால் அதற்கும் மின்சாரம் போய்விடுமோ என்று. கேட்டேன், அது தனி இணைப்பு என்றார்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படுத்தவே கூடாது. இந்தச் சின்னப் பெட்டிகளில் பின்சுவர் ஓரம் உறைந்துபோகும், அதனால் கதவுப் பக்கம் வைத்தேன். சின்ன வெப்பமானி ஒன்று கொண்டுவந்திருந்தேன். 5 காட்டியது.

மார்ச் 6, வெள்ளி

காலையில் வாஷ்பேசினுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக நீர். பழுது பார்க்க வந்தவர் வயதானவர், பொறுமையானவர். அடியில் டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். பளபளக்கும் புதுக் குழாய், புது வளைவு, அதற்குப் பின்னால் சுவரிலிருந்து வெளியே வரும் பழைய குழாயின் முனை, பச்சை பூத்து. "முன்னாடி இருக்கிறதெல்லாம் புதுசு மேடம். சுவருக்குள்ளே இருக்கிறது கட்டின நாள்ல போட்டது. ரெண்டும் சேர்ற இடத்துலதான் எப்பவும் கசியும்" என்றார். ஷவரில் சுடுநீர் வர நேரமாவதும், பக்கத்து அறை இடைக்கதவு வழியாகப் பேச்சு கேட்பதும் அதே காரணம்தான் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இந்த அறையே புரிந்தது. இருபது நிமிடத்தில் சரி செய்தார். இன்னும் எட்டு அறை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை அறைக்கு அவர்போல எத்தனை பேர் இருக்கிறார்களோ.

மார்ச் 7, சனி

கிளம்பும் நாள். கட்டிலடியில் தவழ்ந்து பார்த்தேன், ஒரு சாக்ஸ் கிடைத்தது. மடக்குக் கட்டிலை மேலே தள்ளும் முன் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். பாப்பாவின் பொம்மை அங்கேதான் இருந்தது. பிளக் பாயிண்ட்களில் நான்கு சார்ஜர், எண்ணி எடுத்தேன். கட்டில் தலைமாட்டிலேயே பாயிண்ட் வைத்தது எத்தனை வசதி என்று ஐந்து நாளும் நினைத்தேன். ஆனால் பழைய அகல வாய் யுஎஸ்பி மட்டும்தான், புதுப் போனுக்கு அடாப்டர் இல்லாமல் ஆகாது.

கட்டிலைத் தள்ள பாப்பாவும் கை கொடுத்தாள். படம் மெல்ல மறைந்து மேசை வந்து நின்றது. "அவங்க உள்ள தூங்குறாங்க" என்று பாட்டியிடம் சொன்னாள்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா போன் செய்து, பிள்ளைகளோடு அங்கேயே போகலாமா என்று கேட்டாள். போ என்றேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போகிறாள், அதனால் இன்னும் வேலை தொடங்காத கட்டிடத்தில் தொட்டி உள்ள அறையைக் கேள் என்றும் சொன்னேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் புது அறை, குழந்தையை மட்டும் என்றால் பழைய அறை.

தலை பின்னும்போது பாப்பா சிவப்பு ரப்பர் பேண்ட் கேட்டாள். ஷாம்பு பாட்டிலின் கழுத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.