பின்கழுத்தை ஏற்றித் தைக்கச் சொல்லும் பெண்கள்

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது நான் நிற்பது எப்போதும் முதுகுப் பக்கம்தான். பின்னலை எடுத்து முன்னால் போடச் சொல்வேன். டேப்பின் நுனியைக் கழுத்து எலும்பில் வைத்து, எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று கேட்பேன். காரைக்குடியில் 19 வருடமாக இதே வேலை. இறக்கம் கேட்டதும் சில பெண்களுக்குக் குரல் தணிந்துவிடும். "ரொம்ப இறக்க வேணாம்க்கா, ஏத்தியே தைச்சிருங்க."

ஏன் என்று நான் கேட்பதில்லை, டேப் இருக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். தோல் கறுத்து, லேசாகத் தடித்து, வெல்வெட் துணியைத் தொடுவது போல இருக்கும். கழுத்து மடிப்பில் மிளகு அளவுக்கு ஒன்றிரண்டு மரு தொங்கும். "எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்கு போகலக்கா" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

என் கழுத்தும் அப்படித்தான் இருந்தது. அது அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரிய 28 வயது ஆனது.

எங்கள் ஊர் பள்ளத்தூர் பக்கம். வெள்ளிக்கிழமை தோறும் அப்பத்தா என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்து, கடலை மாவும் தயிரும் பூசி, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் கழுத்தைத் தேய்ப்பார். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்த நாட்களில் எரிச்சல் தாங்காமல் அழுதிருக்கிறேன். கவரிங் செயினால் வந்த கறுப்பு என்று சொல்லி ஒரு வருடம் வெறும் கழுத்தோடு விட்டார்கள். அக்குளும் அதேபோல் கறுத்திருந்தது. அங்கே ஏது செயின் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

13 வயதில் பெரியவள் ஆனேன். சடங்கு வைத்தார்கள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான் தூரம் வரும். கொப்புடையம்மன் கோயில் திருவிழா, குலதெய்வம் கும்பிடப் போவது, சொந்தக்காரர் கல்யாணம் என்று எதற்கும் எனக்குத் தூரம் குறுக்கே வந்ததில்லை. "இவளுக்கு அம்மனே வழி விடுறா" என்று அயித்தை எல்லோரிடமும் சொல்வார். எனக்கும் அது பெருமையாக இருந்தது. மாத்திரை போட்டுத் தள்ளி வைக்கிற தோழிகள் என்னைப் பார்த்து ஏங்குவார்கள்.

22 வயதில் தாடைக்கு அடியில் முடி முளைத்தது. ஏழு முடி. பூனை முடி இல்லை, கம்பி மாதிரி கறுப்பாக, முரடாக. கடையில் நூல் பிசிறு வெட்டுவதற்கு ஒரு சின்னக் கத்தரி வைத்திருப்போம். காலையில் ஷட்டரைத் திறந்ததும், யாரும் வருவதற்கு முன்னால், அந்தக் கத்தரியால் தடவிப் பார்த்தே அந்த ஏழு முடியையும் வெட்டிவிடுவேன். அதே வருடங்களில் உச்சந்தலையில் வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. தாடையில் முளைப்பதற்குக் கஸ்தூரி மஞ்சள், தலையில் கொட்டுவதற்குச் செம்பருத்தி எண்ணெய் என்று தனித்தனியாக வைத்தியம் பார்த்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இடையில் ஒரு டாக்டரிடம் போனோம். "எடையைக் குறை, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணமும் ஆனது. நான்கு மாதம் வராமல் இருந்து, ஒருமுறை வந்தது 16 நாள் நிற்கவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம்.

அப்போதுதான் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், திரும்பி உட்காரச் சொன்னார், பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். நான் தினமும் செய்வது போலவே. "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின்" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்பத்தாவின் பீர்க்கை நார்தான் நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் அது சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. கூடுதலான அந்த இன்சுலின்தான் கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோலைத் தடிக்க வைத்துக் கறுப்பாக்குகிறது. அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். கருமுட்டைப் பையையும் அதுவே தூண்டிவிட, ஆண்களுக்கு அதிகமாக இருக்கிற ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் நமக்கும் கூடிவிடுகிறது. தாடை முடியும், பருவும், உச்சந்தலை மெலிவதும் அதன் வேலை. முட்டை முழுசாக முதிராமல் பாதியில் நின்றுபோவதால் மாதவிடாய் தள்ளிப் போகிறது. பிசிஓஎஸ், அதாவது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் (கருமுட்டைப் பையில் பல நீர்க்கட்டிகள் என்று பொருள்) என்பது இதுதான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து "நீர்க்கட்டி" என்றதும் ஆபரேஷன் என்றே முடிவு செய்துவிட்டேன். அவை உண்மையில் கட்டிகளே இல்லையாம். முதிராமல் நின்றுபோன, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய முட்டைக் குமிழ்கள். 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது கருமுட்டைப் பை, அதனால் பெயரும் அதை ஒட்டியே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் "ஸ்கேன்ல கட்டி இல்லையே, அப்ப ஒண்ணுமில்ல" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் டாக்டர்கள் கூடி வகுத்த கணக்குப்படி மாதவிடாய்க் குழப்பம், ஆண்ட்ரோஜன் அறிகுறி, ஸ்கேன் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் போதும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) போன்ற வேறு காரணம் இல்லை என்று மட்டும் ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் பிசிஓஎஸ் இருக்கலாம்.

அன்றைக்கு அவர் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "கடைசியா எந்தத் தேதியில வந்துச்சு, அதுக்கு முன்னாடி எப்போ?" முப்பது ஜாக்கெட்டின் டெலிவரி தேதியை நோட்டைப் பார்க்காமல் சொல்லிவிடுவேன், இதைச் சொல்லத் தெரியவில்லை. 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தாலோ, வருடத்தில் எட்டு முறைக்குக் குறைவாக வந்தாலோ காட்ட வேண்டும் என்றார். மாதக்கணக்கில் வராமலே இருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், பல வருடம் விட்டால் அது புற்றுநோய் வரைக்கும் போகலாம் என்றார். அம்மன் வழி விடுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்று முதல் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதுகிறேன்.

வைத்தியம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு மெட்ஃபார்மின் என்ற மாத்திரை (இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்க வைப்பது) கொடுத்தார்கள், காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கிறேன், ஆறு கிலோ குறைந்ததிலேயே தேதிகள் நெருங்கி வந்தன. சாப்பாட்டில் பட்டினி தேவையில்லை. கவுனி அரிசி நல்லது என்று சொல்லிக்கொண்டு அதில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்டுத் தட்டு நிறையச் சாப்பிட்டால் பலன் இல்லை, அவ்வளவுதான். சும்மா இருக்கும்போதே மனசு கனத்துப்போவதும், ராத்திரி குறட்டையும் பகலில் அசதியும் இதோடு சேர்ந்து வரக்கூடியவை. டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம், பிசிஓஎஸ் உள்ளவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது. என் கடையில் நின்று பார்த்தால் அது மிகையாகத் தெரியவில்லை.

போன ஆவணியில் ஓர் ஆச்சி தன் பேத்தியைக் கூட்டி வந்தார். 16 வயது, ஒல்லியான பிள்ளை, இடுப்பு 25 அங்குலம். கழுத்தில் கறுப்பே இல்லை. ஆனால் அவளும் பின்கழுத்தை ஏற்றச் சொன்னாள். முதுகு முழுக்கப் பரு, தாடை ஓரத்திலும் கொத்துக் கொத்தாக. "வயசுப் பருதானே ஆத்தா" என்றார் ஆச்சி. மேலுதட்டில் ரேசர் போட்ட தடம் இருந்தது. ஆச்சி துணி பார்க்கப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டேன். சித்திரையில் வந்ததுதான், அதற்குப் பிறகு இல்லை என்றாள். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்ற நினைப்பில் ஒல்லிப் பிள்ளைகளை யாரும் கவனிப்பதே இல்லை.

ஆச்சியிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு இதெல்லாம் வெளிய பேசுவாகளா? தைக்கக் குடுத்தா தைச்சுக் குடு ஆத்தா." நான் தைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஆச்சி ஒன்றும் பேசாமல் தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் தனியாக வந்தார். டாக்டரிடம் காட்டிவிட்டார்கள். "ஸ்கேன்கூட எடுக்கல, என்ன டாக்டரோ" என்று குறைப்பட்டார். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது, அந்த வயதில் நல்லபடியாக இருப்பவர்களுக்கே குமிழ்கள் நிறையத் தெரியும் என்று எனக்குச் சொல்லப்பட்டதை அவருக்குச் சொன்னேன். ரத்தத்தில் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார்கள், மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் பிள்ளையார் நோன்பன்று மாவில் வைத்த நூல் திரியை ஏற்றி எடுத்துச் சாப்பிடுவதை இழை எடுப்பது என்போம், தூரமானவர்கள் எடுக்க மாட்டார்கள். அந்த நோன்புக்கு மறுநாள் மறுபடி வந்து முகப்பில் நின்றார் ஆச்சி. கையில் தூக்குவாளி நிறையப் பலகாரம்.

"பிள்ள நேத்து இழை எடுக்கல ஆத்தா. காலையிலேயே தூரம்" என்றார். குரலில் வருத்தமே இல்லை.

தூக்குவாளியை வாங்கி வைத்தேன். மேஜைமேல் கிடந்த ஆர்டர் நோட்டை ஆச்சியே எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஓரமா ஒரு எடத்துல இவளுக்கும் எழுதி வையி. நேத்துத் தேதி."