பூப்பந்தும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்

திருவையாற்றுக்கு அருகே எங்கள் ஊர்த் திடலில் கம்பளிப் பந்தை மட்டையால் வலை தாண்டி அடித்தாடும் பூப்பந்தை முப்பத்தைந்து ஆண்டுகள் ஆடிய நான், முழங்கால் தளர்ந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தஞ்சை அரச குடும்பத்தார் 1856 வாக்கிலேயே ஆடியதாகச் சொல்லப்படும் இந்த ஆட்டத்தின் பெயர்கூட எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் அணிக்கு ஐவர் நிற்பதால், அடிக்கும் கையைவிட, வருவது யாருடைய பந்து என்று நொடியில் முடிவு செய்யும் குரலே முதலில் பழக வேண்டும் என்பது என் எண்ணம். ஆகவே முதல் வாரம் மட்டையே கொடுப்பதில்லை. "எனக்கு" என்று கூவிக்கொண்டே ஓடிப் பந்தைப் பிடிக்கச் சொல்வேன். மார்கழியில் பனி இறங்கினால் மஞ்சள் கம்பளிப் பந்து ஈரம் குடித்துக் கனத்துவிடும் என்பதால் பொழுது சாயும் முன்பே முடித்துக்கொள்வோம்.

நேற்று, வாயே திறக்காத ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பின்வரிசையிலிருந்து "எனக்கு" என்று கத்தியபடி பாய்ந்து வந்து, வலையோரம் விழவிருந்த பந்தை மண்ணுக்கு ஒரு சாண் மேலே எடுத்துவிட்டாள். மற்ற நால்வரும் அவளுக்கு வழிவிட்டு விலகி நின்றிருந்தார்கள்.